ஓசூரின் பெயரைத் தேடுதல்: எல்லைப்புற எழுத்துகளின் வரலாறு

தமிழ்நாட்டின் வடமேற்கு விளிம்பில், பெங்களூர் நெடுஞ்சாலையின்மீது அமைந்துள்ள ஓசூரின் பெயர் தமிழ் அச்சில் மட்டுமே ஓசூர், ஒசூர், ஹோசூர் என மூன்று வடிவங்களில் வழங்குகிறது. கன்னடத்தில் அது குறில் ஒகரத்துடன் ஹொசூரு என எழுதப்படுகிறது. மூன்றாம் மைசூர்ப் போரின்போது ஆங்கிலேயப் படையினர் எழுதி வைத்த குறிப்புகளில் ஊசூர் என்றே வாசிக்கத்தக்க எழுத்துக்கூட்டலுடன் காணப்படுகிறது. 1908இல் வெளிவந்த இம்பீரியல் கெசட்டியரிலோ உரோமன் எழுத்தில், நெடிலைக் காட்டும் சிறு கோடு ஒன்றை உகரத்தின் தலைமேல் தாங்கி நிற்கிறது. அவ்வூரைப் பற்றி இதுவரை எழுதப்பட்டவற்றைத் திரட்ட முனையும் ஆய்வாளருக்கு இவை யாவும் ஒரே பெயர். எழுத்துகளை எண்களாக மட்டுமே அறியும் கணினிக்கு இவற்றில் ஒவ்வொன்றும் மற்றவற்றோடு தொடர்பற்ற தனி எண்வரிசை. ஒன்றைக் கேட்டால் அது அந்த ஒன்றையே தேடும், மற்றவை ஆவணத்தில் இருந்தும் இல்லாதவையாகிவிடும். எழுத்தின் மேலும் கீழும் இடப்படும் குறிகளைப் பொருட்படுத்தாமலும், வெவ்வேறு எண்களால் குறிக்கப்பட்டிருந்தாலும் உண்மையில் ஒன்றேயான எழுத்துகளை ஒன்றெனக் கொண்டும் தேடும் முறைகள் கடந்த சில பத்தாண்டுகளில் கணினியியலில் உருவாகியுள்ளன. அம்முறைகள் தீர்க்க முயலும் சிக்கலோ கணினியைவிட மிகப் பழையது. ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதியில் அது கல்வெட்டுக் காலத்திலிருந்தே தொடர்ந்து வருகிறது.

இப்பகுதி அடிக்கடி ஆட்சி மாறிய நிலம். கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு வந்தது. மலைக்கு மேலுள்ள பாலாகாட் என வழங்கிய ஓசூர்ப் பகுதி 1799இல் திப்பு வீழ்ந்த பின்னர் வந்து சேர்ந்தது. இரண்டும் சேலம் மாவட்டத்தில் இருந்தன. 1965இல் தருமபுரி மாவட்டம் பிரிந்தபோது அதனுடன் சென்று, 2004ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானபோது அதில் அடங்கின. தமிழும் தெலுங்கும் கன்னடமும் உருதும் ஒரே தெருவில் பேசப்படும் இப்பகுதி 1956இன் மொழிவழி மாநிலச் சீரமைப்பில் சென்னை மாநிலத்திலேயே நிலைபெற்றது. 1970களில் தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் இங்கே தொழிற்பேட்டையை அமைக்கத் தொடங்கியதும், வாகனத் தொழிற்சாலைகளும் கடிகாரத் தொழிற்சாலையும் அவற்றுக்கு உறுப்புகள் செய்து தரும் பட்டறைகளும் பெருக, வடமாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வந்து சேர்ந்தனர். ஆட்சி மாறிய ஒவ்வொரு முறையும் எழுதுபவரின் மொழியும் எழுத்தும் மாறின. ஊர்ப்பெயர்களும் ஆட்பெயர்களும் புதிய எழுத்தில் புதிதாகக் கூட்டி எழுதப்பட்டன. பழைய வடிவங்கள் மறையாமல் பழைய ஆவணங்களில் தங்கிவிட்டன.

இவ்வடிவங்களில் மிகப் பழையவை கல்லில் உள்ளவை. இப்பகுதியின் நடுகற்களும் கோயிற் கல்வெட்டுகளும் பல ஊர்களில் பரவிக் கிடக்கின்றன. அவற்றுள் பலவற்றை ஒருங்கே படித்து அச்சிட்ட தொகுப்பாகிய தருமபுரி கல்வெட்டுகள் என்னும் நூல், இரா. நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1975இல் தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறையால் வெளியிடப்பட்டது. இன்றைய ஓசூர் இடைக்காலக் கல்வெட்டுகளில் செவிடபாடி என்ற பெயரால் சுட்டப்படுகிறது. ஆனால் அப்பெயரின் முதல் எழுத்து குறிலா நெடிலா என்பதை எழுத்து வடிவத்தைக் கொண்டு மட்டும் தீர்மானிக்க முடியாது. எகரமும் ஒகரமும் குறிலாயின் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருப்பினும், கல்லிலும் ஓலையிலும் புள்ளியிடும் வழக்கம் சீராகப் பின்பற்றப்படவில்லை. ஓலையில் அழுத்திப் புள்ளி வைத்தால் துளை விழும் என்பது அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். மெய்யெழுத்தின் புள்ளிக்கும் இதே நிலைதான் நேர்ந்தது. வாசிப்பவர் தம் மொழியறிவைக் கொண்டு புள்ளியை மனத்தில் இட்டுக்கொண்டார். நெடில் ஏகார ஓகாரங்களுக்குத் தனிவடிவம் தந்து இக்குழப்பத்தை நீக்கிய சீர்திருத்தம், பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழகத்தில் பணியாற்றிய வீரமாமுனிவரின் பெயரோடு இணைத்துக் கூறப்படுகிறது.

இதனால் விளையும் முடிவு ஒன்று கவனிக்கத்தக்கது. கல்வெட்டுத் தொகுதியின் அச்சுப்பக்கத்தில் காணப்படும் புள்ளியும் நெடிற்குறியும் பெரும்பாலும் கல்லில் இருந்தவை அல்ல, பதிப்பாசிரியர் சேர்த்தவை. ஒரே பெயரை ஒரு பதிப்பாசிரியர் குறிலாகவும் மற்றொருவர் நெடிலாகவும் அச்சிட்டிருந்தால், இருவரும் கண்டது ஒரே வடிவத்தைத்தான். ஆகவே கல்வெட்டுச் சொற்களைத் தேடும்போது எகர ஏகாரங்களையும் ஒகர ஓகாரங்களையும் ஒன்றாகக் கொள்ளும் வசதியை, பிழை பொறுக்கும் சலுகை என்று கருதுவது பொருந்தாது. மூல ஆவணம் செய்யாத வேறுபாட்டைத் தேடலும் செய்யாதிருப்பதே அங்கு முறையாகும்.

எல்லைக்கு அப்பால் நிகழ்ந்தது வேறு. மைசூர் அரசின் தொல்லியல் துறையை நடத்திய லூயிஸ் ரைஸ், எபிகிராபியா கர்நாடிகா என்னும் பெருந்தொகுப்பின் பெங்களூர், கோலார் மாவட்டத் தொகுதிகளை 1905இல் வெளியிட்டார். ஓசூரை ஒட்டிய ஆனேக்கல், மாலூர் ஆகிய வட்டங்களின் சாசனங்கள் இவற்றில்தான் அடங்கியுள்ளன; சோழர் காலத் தமிழ்ச் சாசனங்கள் பலவும் அவற்றுள் உண்டு. அத்தொகுதிகளில் சாசன வாசகங்கள் உரோமன் எழுத்திலும் பெயர்த்துத் தரப்பட்டன. இவ்வாறு, ஒரே மன்னனின் ஆட்சிக்காலத்தில் ஒரே நாட்டுப்பிரிவுக்குள் பொறிக்கப்பட்ட தமிழ்க் கல்வெட்டுகளில் சில சென்னையின் தொகுப்புகளுக்கும் சில மைசூரின் தொகுப்புகளுக்கும் பிரிந்து சென்றன. தேன்கனிக்கோட்டை, ஓசூர் வட்டாரத்தைத் தமிழ்க் கல்வெட்டுகள் முரசு நாடு என்கின்றன. கன்னட வழக்கில் அதே நிலப்பரப்பு மொரசு நாடு எனப்படுகிறது, மொரசு ஒக்கலிகர் என்ற சமூகப் பெயரிலும் அது வாழ்கிறது. சென்னைத் தொகுப்பில் முரசு என்று தேடுபவருக்கு மைசூர்த் தொகுப்பின் மொரசு கிட்டுவதில்லை. இடைக்கால நாட்டுப்பிரிவின் எல்லைகளை வரைய முனையும் எவருக்கும் இது சிறிய இழப்பன்று, ஏனெனில் பாதிச் சான்று மற்றொரு மாநிலத்தின் அட்டவணையில் மற்றொரு எழுத்தின் கீழ் கிடக்கிறது.

ஆங்கிலேயரின் எழுத்துக்கூட்டலுக்குத் தனி வரலாறு உண்டு. 1791இல் ஆங்கிலேயத் தளபதி காரன்வாலிசின் படைகள் இவ்வழியே நடந்தபோது, காதில் விழுந்த ஒலியை ஆங்கில எழுத்து மரபுப்படி எழுதினர். ஓசூரின் முதலெழுத்தில் ஹகரம் மறைந்து இரட்டை ஓ வந்தது, இராயக்கோட்டை ரயகோட்டா ஆயிற்று, கிருஷ்ணகிரி கிஸ்ட்னகெரி என எழுதப்பட்டது. தமிழரும் தெலுங்கரும் கிருஷ்ணன் பெயரைப் பேச்சில் கிட்டினன், கிஷ்டன் எனச் சிதைத்து வழங்கியதன் எதிரொலி அதில் இருப்பதை மறுக்க முடியாது. அவ்வகையில் அந்த எழுத்துக்கூட்டல் அக்காலப் பேச்சுக்கு ஒரு சான்றுமாகும். இந்திய மொழிச் சொற்களை உரோமன் எழுத்தில் எழுதும் வரன்முறையை வில்லியம் ஜோன்ஸ் ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ் இதழின் 1788ஆம் ஆண்டு முதல் தொகுதியிலேயே முன்வைத்திருந்தார். படைத்தளபதிகளும் வருவாய் அதிகாரிகளும் அதைப் பின்பற்ற வேண்டிய தேவை அப்போது எழவில்லை.

தேவை எழுந்தது கெசட்டியர் தொகுக்கத் தொடங்கியபோதுதான். நாடு முழுவதன் ஊர்களையும் ஒரே அகரவரிசையில் அடுக்க வேண்டுமானால் ஓர் ஊருக்கு ஓர் எழுத்துக்கூட்டல்தான் இருக்க வேண்டும் என்பதை அதைத் தொகுத்த வில்லியம் வில்சன் ஹன்டர் உணர்ந்தார். 1872இல் அரசு ஏற்ற ஹன்டர் முறையில், நெடில் உயிர்களின்மேல் சாய்ந்த கோடு இடப்பட்டது. மெட்ராஸ், பெங்களூர் போன்று ஆங்கிலத்தில் நிலைத்துவிட்ட பெயர்களுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. 1881இல் வந்த முதற் பதிப்பின் சாய்கோடு, 1908இன் புதிய பதிப்பில் கிடைக்கோடாக மாறியது. நெடிலைக் காட்டுதல் என்ற ஒரே நோக்கத்துக்கு இருபத்தேழு ஆண்டுகளுக்குள் இரு குறிகள் வந்துவிட்டமையால், அவ்விரு பதிப்புகளையும் இன்று எண்மியத்தில் வைத்துத் தேடுபவர் சாய்கோட்டையும் கிடைக்கோட்டையும் குறியே இல்லாத வடிவத்தையும் ஒன்றாகக் கருதும் முறையை நாடவேண்டியிருக்கிறது. அட்டவணையை ஒழுங்குபடுத்த வந்த குறியே பின்னாளில் தேடலுக்குத் தடையாயிற்று.

அறிஞர்களின் உரோமன் எழுத்து இதைவிட நுட்பமானது. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், தமிழின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு தனி உரோமன் வடிவத்தை உறுதிசெய்தது. லகரத்துக்கு வெற்றெழுத்து, ளகரத்துக்கு அதே எழுத்தின் கீழ் ஒரு புள்ளி, ழகரத்துக்கு அதன் கீழ் ஒரு கோடு. அவ்வாறே ணகரத்துக்குப் புள்ளியும் றகரத்துக்கும் னகரத்துக்கும் கீழ்க்கோடும் அமைந்தன. 2001இல் சர்வதேசத் தரநிர்ணய அமைப்பு இந்திய எழுத்துகள் அனைத்துக்குமாக வெளியிட்ட 15919ஆம் எண் தரமும் தமிழுக்கு இதையொட்டியே அமைந்தது. ஆனால் கிருஷ்ணகிரியின் வடமொழி மூலத்தில் உள்ள உயிர் ருகரத்துக்கு, வடமொழியாளர் நெடுங்காலமாக ரகரத்தின் கீழ் புள்ளியிட்டு வர, இப்புதிய தரம் கீழே சிறு வட்டம் இடச் சொன்னது. ஆகவே ஒழுங்காக எழுதும் அறிஞர் இருவர் எழுதிய கிருஷ்ணகிரிகூட ஒன்றோடொன்று பொருந்தாமற் போகலாம்.

இக்குறிகளை அச்சிடும் வசதி எல்லா அச்சகங்களிலும் இருக்கவில்லை. தட்டச்சுப் பொறிகளில் அறவே இல்லை. குறிகள் உதிர்ந்த பெயர்களே அலுவலகக் கோப்புகளிலும் நூலக அட்டைகளிலும் ஏறின. தொடக்கக் காலக் கணினிகளில் உரோமன் எழுத்துக்கே அடிப்படை வடிவங்கள் மட்டும் இருந்ததால், ஜெர்மனியின் கோல்ன் பல்கலைக்கழகத்தில் தமிழ் லெக்சிகனைக் கணினியில் ஏற்றியோர் புள்ளிக்கும் கோட்டுக்கும் பதிலாகப் பெரிய எழுத்துகளைப் பயன்படுத்தினர். அவ்வேற்பாட்டில் வேறுபாடு எதுவும் இழக்கப்படவில்லை. ஆயினும் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைப் புறக்கணிக்கும் வழக்கமான தேடுமுறை ஒன்றை அதன்மேல் செலுத்தினால் எல்லாம் கலந்துவிடும்.

எழுத்துக்கூட்டலின் வேறுபாட்டைக் கடந்து பெயரைத் தேடும் முயற்சியும் கணினிக்கு முந்தியது. அமெரிக்காவில் ராபர்ட் ரசல் என்பவர் 1918இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறை, பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டு, எஞ்சிய மெய்களை ஒலியினத்தின்படி எண்களாக்கி மூன்று இலக்கத்துடன் நிறுத்துகிறது. மக்கள்தொகைக் கணக்கு அட்டைகளை அடுக்க அது பயன்பட்டது. ஓசூரின் இன்றைய ஆங்கில வடிவம் அம்முறையில் எச்-260 ஆகிறது. 1791ஆம் ஆண்டின் வடிவமோ ஓ-260 ஆகிறது. எண் ஒன்றே ஆனாலும் முதலெழுத்து வேறாகிவிட்டதால் அட்டைகள் இரண்டும் வெவ்வேறு பெட்டிக்குச் சென்றுவிடும். கிருஷ்ணகிரியும் கிஸ்ட்னகெரியும் கே-625, கே-235 என எண்ணிலேயே பிரிந்துவிடுகின்றன. ஆங்கிலப் பெயர்களின் ஒலிமாற்றத்தைக் கருதி வகுத்த விதிகள் திராவிட மொழிகளின் ஒலிமாற்றத்துக்கு உதவவில்லை என்பதில் வியப்பில்லை. சொல் முதலில் ஹகரம் தோன்றுவதும் மறைவதும் இவ்வெல்லைப் பகுதியின் அன்றாட நிகழ்வு.

தமிழ் எழுத்துகளே கணினியில் ஏறியபோது சிக்கல் உள்ளுக்குள் வந்தது. 1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ஏற்ற டாப், டாம் என்னும் குறியேற்ற முறைகளும், இணையத் தமிழர்கள் உருவாக்கிய திஸ்கியும், எழுத்தைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே சேமித்தன. அதாவது தொகரத்தை எழுத, ஒற்றைக்கொம்பு முதலிலும் தகரம் அடுத்தும் கால் இறுதியிலும் மூன்று குறியெண்களாக நின்றன. இராஜாஜி பிறந்த தொரப்பள்ளியின் பெயரில் தகரத்தை முதலெழுத்தாகத் தேடினால், கணினி அங்கே கொம்பைத்தான் முதலில் காணும். அச்சிலும் தட்டச்சிலும் ஔகாரக் குறியின் பின்பாதி ளகரத்தின் வடிவத்தையே கொண்டிருந்தது மற்றொரு பொறியாயிற்று. ஓசூர்ப் பகுதியில் கன்னடம் பேசும் குடும்பங்களின் பெயர்களில் மிகுதியாக வரும் கௌடா என்னும் சொல், கொம்பும் ககரமும் ளகரமும் சேர்த்துக் கெளடா என்று எண்ணற்ற இடங்களில் தட்டச்சிடப்பட்டுள்ளது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கவுடா என்ற மூன்றாம் வடிவமும் உடன் வழங்குவதால், ஒரே குடும்பத்தின் பெயர் பட்டாவில் ஒன்றாகவும் குடும்ப அட்டையில் மற்றொன்றாகவும் தொழிற்சாலையின் வருகைப் பதிவில் வேறொன்றாகவும் அமைய இடமிருக்கிறது.

1991இல் முதல் பதிப்பு வந்த ஒருங்குறி, அதாவது உலக எழுத்துகள் அனைத்துக்கும் ஒவ்வோர் எண் தரும் யூனிகோடு முறை, இந்தியத் தர நிறுவனத்தின் இஸ்கி அமைப்பைப் பின்பற்றி, மெய்யை முதலிலும் உயிர்க்குறியைப் பின்னரும் வைத்து ஒலி வரிசையில் சேமித்தது. 2010இல் தமிழ்நாடு அரசும் அதை முறையாக ஏற்றது. ஆயினும் பழைய எழுத்துருக்களிலிருந்து உரையை மாற்றும் கருவிகள் கொம்பையும் காலையும் தனித்தனியாகவே தள்ளிவிடும் வாய்ப்பு இருந்ததால், ஒருங்குறி இரு வழிகளையும் அனுமதித்தது. ஒகரக் குறிக்கு 3018 என்ற ஒற்றை எண் உண்டு. கொம்பு 3014, கால் 3006 என்ற இரு எண்களை அடுத்தடுத்து எழுதினாலும் அதே எழுத்துத்தான். இவ்வாறு இரண்டு எண்வரிசைகள் எல்லா வகையிலும் ஒரே எழுத்து என அந்த அமைப்பே அறிவிப்பதுதான் கணினியியலில் எழுத்துச் சமநிலை எனப்படுவது. தேடுவதற்கு முன் கேள்வியையும் ஆவணத்தையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் செயல் இயல்பாக்கம் எனப்படுகிறது. எல்லாவற்றையும் கூட்டி ஒற்றை எண்ணாக்குவது ஒரு வகை, எல்லாவற்றையும் பிரித்து உறுப்புகளாக்குவது மற்றொரு வகை. எதைத் தேர்ந்தாலும் இரு பக்கத்துக்கும் ஒன்றையே செய்ய வேண்டும் என்பதுதான் விதி.

எல்லைப்புறத்தின் மூன்று எழுத்துகளும் இதில் ஒன்றுபோல் நடத்தப்படவில்லை. தமிழில் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் இவ்விரண்டு உறுப்புகளாகப் பிரியும். கன்னடத்தின் ஹொசூருவில் வரும் ஒகரக் குறி இரண்டாகவும், அதன் நெடில் மூன்றாகவும் பிரியும். தெலுங்கின் ஒகர ஓகாரக் குறிகளோ பிரிவதே இல்லை. அங்கு ஐகாரக் குறி மட்டும் இரண்டாகும். ஒரே ஒலிக்கு ஒரே வட்டாரத்தில் மூன்று எழுத்துகள் மூன்று விதமாக எண்ணப்பட்டிருக்க, ஓர் எழுத்துக்கெனச் செய்த திருத்தம் அடுத்ததற்குப் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளும் நிரலாளர் வழுக்கி விழுவது உறுதி. ஸ்ரீ என்னும் கூட்டெழுத்தும் இத்தகையதே. வடமொழிச் சகரத்துக்குரிய தனி எழுத்து 2005இல்தான் தமிழ்த் தொகுதியில் சேர்க்கப்பட்டது. அதற்கு முன்னர் ஸகரத்தைக் கொண்டு எழுதிய ஸ்ரீயும், பின்னர் புதிய எழுத்தைக் கொண்டு எழுதியதும் திரையில் ஒரே உருவம் கொண்டாலும், ஒருங்குறியின் சமநிலை விதி அவற்றை ஒன்றாக்கவில்லை. கௌடாவும் கெளடாவும் அவ்வாறே. எழுத்துச் சமநிலையின் அதிகாரபூர்வ அட்டவணை முடியும் இடத்தில்தான் தமிழின் உண்மையான சிக்கல்களில் பாதி தொடங்குகின்றன.

குறிகளைப் புறக்கணிக்கும் தேடலில் ஆபத்து இன்னும் பெரிது. ஐரோப்பிய மொழிகளுக்காக நிரலாளர் பலரும் கையாளும் எளிய வழி, உரையை உறுப்புகளாகப் பிரித்து, இடம் அடைத்துக்கொள்ளாமல் எழுத்தின் மேலோ கீழோ ஒட்டும் குறிகள் என ஒருங்குறி வகைப்படுத்தியவற்றையெல்லாம் நீக்கிவிடுவது. கெசட்டியரின் கிடைக்கோடு இவ்வழியில் அழகாக உதிர்ந்து, கோடிட்ட ஓசூரும் கோடில்லாத ஓசூரும் ஒன்றாகின்றன. லெக்சிகனின் உரோமன் எழுத்தில் அதே செயல் வலி, வளி, வழி என்னும் மூன்று சொற்களையும் ஒன்றாக்கிவிடுகிறது. இழப்பு அங்கேயே தொடங்குகிறது. தமிழ் எழுத்தின்மேல் செலுத்தினாலோ உரை குலைந்தே போகிறது. தமிழின் துணைக்குறிகளுள் மெய்ப்புள்ளியும் ஈகாரக் குறியும் மட்டும் இடம் அடைக்காத குறிகளாக வகுக்கப்பட்டுள்ளன. எனவே அவ்விரண்டும் நீங்கி, கால், கொம்பு, உகரக்குறி முதலியவை எஞ்சுகின்றன. தீர்த்தம் என்பது தரததம என்றாகும், ஸ்ரீ ஸர ஆகும், நீர் நர ஆகும். பிரெஞ்சு மொழியில் எழுத்துக்கு அணியாக நிற்கும் குறிக்கும், தமிழில் எழுத்தின் உயிராகவே நிற்கும் குறிக்கும் ஒரே வகைப் பெயர் சூட்டப்பட்டதன் விளைவு இது. இதைத் தமிழறியாத நிரலாளரின் குறை என்று மட்டும் தள்ளிவிடலாகாது. தமிழ் நூலகங்களும் அலுவலகங்களும் தம் எழுத்துக்குத் தேவையான விதியைத் தாமே எழுதித் தராமல் பிறர் செய்ததை அப்படியே ஏற்றுக்கொண்டதும் காரணம்.

ஒருங்குறியின் வரிசைப்படுத்தும் முறை இதை நுண்மையாகக் கையாள்கிறது. அது எழுத்துகளுக்கு மூன்று படிகளில் எடை தருகிறது: முதற்படி அடிப்படை எழுத்தையும், இரண்டாம் படி மேற்குறி கீழ்க்குறிகளையும், மூன்றாம் படி பெரிய எழுத்து, சிறிய எழுத்து போன்ற வேறுபாட்டையும் காட்டும். முதற்படியை மட்டும் ஒப்பிட்டால் உரோமன் எழுத்தின் குறிகள் மறையும். தமிழின் உயிர்க்குறிகளுக்கும் புள்ளிக்கும் முதற்படி எடையே வழங்கப்பட்டிருப்பதால் அவை மறையா. அவ்வாறு தமிழ் காப்பாற்றப்பட்டாலும், ஓசூருக்கும் ஒசூருக்கும் இடையேயான வேறுபாடும் முதற்படியிலேயே நின்றுவிடுகிறது. கல்வெட்டு ஆய்வாளருக்குத் தேவையான எகர ஏகார ஒருமையை எந்தப் பொதுமுறையும் தானாகத் தருவதில்லை.

இன்றைய எல்லைப்புறத்தில் இச்சிக்கல் ஏட்டளவில் நிற்பதன்று. கர்நாடகத்திலிருந்து ஓசூருக்குள் நுழையும் வழியில் சோதனைச்சாவடி உள்ள பகுதி ஜூஜூவாடி என்றும் சூசூவாடி என்றும் எழுதப்படுகிறது. ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்தே இரண்டு விதமாக வருகிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சட்டமன்றத் தொகுதிகளுள் ஒன்று வேப்பனஹள்ளி, வேப்பனப்பள்ளி என இரு பெயர்களாலும் செய்தித்தாள்களில் இடம்பெறுகிறது. பழங்கன்னடத்தின் சொல்முதல் பகரம் இடைக்காலத்தில் ஹகரமாகத் திரிந்ததன் சுவடு அது. பள்ளி, ஹள்ளி, அள்ளி என்னும் மூன்று ஈறுகளும் இம்மாவட்டத்திலும் தருமபுரியிலும் ஊருக்கு ஊர் மாறி வருகின்றன. கிரந்த எழுத்தைத் தவிர்ப்போர் கிருட்டிணகிரி என எழுதுவதும் உண்டு. கர்நாடகத்தில் 2000ஆம் ஆண்டளவில் தொடங்கிய பூமி திட்டம் நில உரிமைப் பதிவுகளைக் கன்னடத்தில் கணினிமயமாக்கியது. தமிழ்நாட்டின் பட்டா தமிழில் உள்ளது. ஆனேக்கல்லில் ஒரு துண்டு நிலமும் ஓசூரில் ஒரு துண்டு நிலமும் உடைய உழவரின் பெயர் இரு பதிவுகளிலும் ஒருவரே என்று காட்டுவதற்கு எழுத்துப்பெயர்ப்பைத் தவிர வேறு பாலம் இல்லை. அப்பாலம் பெரும்பாலும் குறிகள் இல்லாத ஆங்கில எழுத்தாகவே இருக்கிறது.

வேறுபாட்டை ஆணையால் ஒழிக்கும் முயற்சிகளும் நடந்தன. கர்நாடகம் 2014ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் பெங்களூரு உட்படப் பன்னிரண்டு நகரங்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைக் கன்னட ஒலிக்கு ஏற்ப மாற்றியது. தமிழ்நாடு அரசு 2020ஆம் ஆண்டு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில வடிவங்களைத் தமிழ் உச்சரிப்புக்கு நெருக்கமாக்கும் ஆணையை வெளியிட்டு, புதிய எழுத்துக்கூட்டல்கள் குறித்து எழுந்த விமரிசனங்களுக்குப் பின் அதே ஆண்டு ஜூன் மாதத்திலேயே திரும்பப் பெற்றது. இத்தகைய ஆணை நிலைத்திருந்தாலும் அது நாளைய ஆவணங்களை மட்டுமே ஆளும். நேற்றைய பத்திரங்கள் பழைய எழுத்துக்கூட்டலுடனேயே இருக்கும். பெங்களூர் பெங்களூருவான பின், தேடுபவருக்கு நினைவில் வைக்க வேண்டிய வடிவம் ஒன்று கூடியதே தவிரக் குறையவில்லை.

ஆகவே மடித்தல் எனக் கணினியாளர் வழங்கும் செயல், அதாவது பல வடிவங்களை ஒரே வடிவமாகச் சுருக்குதல், எங்கே நிகழ்கிறது என்பதுதான் முதன்மையான கேள்வி. தேடலுக்கெனத் தனியே அமைக்கும் சொல்லடைவாகிய சுட்டியில் அது நிகழ்ந்தால் நன்மை. மூல உரையிலேயே நிகழ்ந்தால் அழிவு. கெளடா என்று தட்டச்சிட்ட பட்டாவைச் சரிசெய்கிறோம் என்று கௌடா ஆக்குவதும், கிஸ்ட்னகெரி என்றெழுதிய 1791ஆம் ஆண்டுக் கடிதத்தைக் கிருஷ்ணகிரி என மாற்றி ஏற்றுவதும், எழுதியவர் யார், எந்த மொழியில் கேட்டார், எந்தக் கருவியில் எழுதினார் என்ற சான்றை அழித்துவிடும். சுட்டியில் மட்டும் மடித்து, விடையில் மூல வடிவத்தையே காட்டி, குறிகளோடு தேடுபவருக்குக் குறிப்படியும் குறியின்றித் தேடுபவருக்கு எல்லாவற்றையும் தரும் அமைப்பே வரலாற்று ஆவணங்களுக்கு ஏற்றது. வலியைத் தேடுபவருக்கு வழியும் வந்தால் அவர் பொறுத்துக்கொள்ளலாம். ஆவணத்திலிருந்த வழி வலியாக மாற்றப்பட்டிருந்தால் அதை மீட்க எவராலும் இயலாது.

எழுத்து விதிகள் எவ்வளவு நுண்மையானாலும் முரசும் மொரசும் அவற்றால் இணையா. உகரமும் ஒகரமும் எங்கும் ஒன்றெனக் கொண்டால் தமிழில் உரையே தேட முடியாததாகிவிடும். செவிடபாடியையும் ஓசூரையும் எந்த ஒலிவிதியும் சேர்க்காது. இங்கு வேண்டுவது விதியன்று, பட்டியல்: ஓர் ஊருக்கு ஓர் எண் தந்து, கல்வெட்டு வடிவம், கன்னட வடிவம், தெலுங்கு வடிவம், 1791இன் வடிவம், ஹன்டரின் வடிவம், இன்றைய அரசு வடிவம், மக்கள் வழக்கு அனைத்தையும் அதன்கீழ் நிரல்படுத்தும் பெயரடங்கல். அதற்கான மூலப்பொருள் ஏற்கெனவே அச்சில் உள்ளது. ரைஸின் 1905ஆம் ஆண்டுத் தொகுதிகள் ஆனேக்கல், மாலூர் வட்டங்களுக்கும், வி. ரங்காச்சாரியார் 1919இல் வெளியிட்ட சென்னை மாகாணக் கல்வெட்டுப் பட்டியல் அன்றைய சேலம் மாவட்டத்துக்கும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சென்னை அரசு அச்சகம் பகுதி பகுதியாக வெளியிட்ட பாராமகால் ஆவணங்கள் அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நடத்திய முதல் நிலவரி ஏற்பாட்டுக்கும் ஊர்ப்பெயர்களைத் தருகின்றன. ஓசூர், தேன்கனிக்கோட்டை, சூளகிரி, ஆனேக்கல், மாலூர் ஆகிய ஐந்து வட்டங்களுக்கு இவற்றை ஊர்தோறும் அருகருகே வைத்து ஒப்பிடும் பணி, தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒருங்கே படிக்கத் தெரிந்தவர்களால்தான் இயலும். அத்தகையோர் இன்றும் மிகுதியாக வாழும் இடம் இந்த எல்லைப்புறமே.